மந்தமுற்ற கணிப்பொறியில் இயக்க முறைமையை மீண்டும் நிறுவுதல்

கணிப்பொறி மந்தமாக இயங்குகிறது என்பது பள்ளிக்கூடங்களிலும், வெளிக்கள அலுவலகங்களிலும், ஆராய்ச்சி நிலையங்களிலும் ஒருங்கே கேட்கப்படும் குறையாகும். அதற்குக் கூறப்படும் பரிகாரமும் பெரும்பாலும் ஒன்றே: 'ஃபார்மட்' செய்துவிட வேண்டும் என்பது. பழுது பார்ப்பவர் வருகிறார். இரண்டு மணி நேரத்தில் கணிப்பொறி புதிது போல் ஆகிவிடுகிறது. அதனுடன் மூன்றாண்டு மழையளவுப் பதிவுகளோ, மாணவர் மதிப்பெண் பட்டியல்களோ இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகின்றன. இயக்க முறைமையை எத்தனை முறை வேண்டுமாயினும் மீண்டும் பெறலாம். காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்த நீரை மறுநாள் மீண்டும் அளப்பது எவராலும் இயலாது. எனவே இவ்வேலையில் கருத்தூன்ற வேண்டிய பகுதி, நிறுவுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டுவனவேயாம்.

இயக்க முறைமை என்பது கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று பணிகளைப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை நிரல்தொகுதியாகும். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையின. வைரஸ் என்பதும் ஒரு நிரலே. வேறு நிரல்களில் தன்னைப் பிரதி செய்துகொண்டு பரவும் இயல்பினால் அப்பெயர் பெற்றது. 1986-ஆம் ஆண்டில் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் வைரஸ், நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் அமர்ந்து ஊர் ஊராய்ச் சென்றது. இந்நாளில் அவ்வேலையைப் பென்டிரைவும், மின்னஞ்சல் இணைப்பும், விலை கொடாமல் பெற்ற கள்ளப் பிரதிகளும் செய்கின்றன. விண்டோஸ் முறைமைக்குத் 'திறவுகோல்' வழங்குவதாகக் கூறிக்கொள்ளும் சிறு நிரல்களுள் எது வைரஸ், எது அல்லாதது என்று பிரித்தறிய முயல்வது வீண் வேலை.

எனினும் மந்தத்திற்கெல்லாம் வைரஸே காரணம் என்று கொள்ளுதல் தவறாகும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகை தோன்றும். அதில் செயலி, நினைவகம், தட்டு ஆகிய மூன்றும் எவ்வளவு உழைக்கின்றன என்பதைக் காணலாம். கணிப்பொறியில் எவ்வேலையும் நடைபெறாத போதும் தட்டு நூற்றுக்கு நூறு என்று நின்றால், அங்கே சற்று நிதானித்து ஆராய்தல் வேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு நொடியில் 120 சுற்றுச் சுற்றுகிறது. வேண்டிய இடம் தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லி நொடி ஆகும். தலை நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9 மில்லி நொடி ஆகும். இக்கணக்கின்படி, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு எண்பது முறை அளவிலேயே அது தேடி எடுக்க வல்லது. சுழலும் பகுதி ஏதுமற்ற எஸ்.எஸ்.டி. தட்டு இதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்யும். நினைவகம் 2 அல்லது 4 ஜி.பி. மட்டுமே உள்ள கணிப்பொறியில், இடம் போதாதபோது இயக்க முறைமை நினைவகத்தின் ஒரு பகுதியை வன்தட்டிற்கு மாற்றி மாற்றி எழுதுகிறது. ஆதலின் வைரஸ் சிறிதும் இல்லாமலே இத்தகைய கணிப்பொறி தவழும். இதற்கு மருந்து எஸ்.எஸ்.டி. தட்டும் கூடுதல் நினைவகமுமே. மீண்டும் நிறுவுவதால் சில வாரங்களுக்கு மட்டும் விரைவு தோன்றும்.

வன்தட்டே அழியும் தறுவாயில் இருத்தலும் கூடும். ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. 'ஸ்மார்ட்' எனப்படும் இக்குறிப்பை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரல்களைக் கொண்டு படிக்கலாம். பழுதுற்று மாற்றி ஒதுக்கப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுமாயின், அத்தட்டில் எதனையும் நிறுவாது, உள்ளவற்றை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். விசிறியில் தூசு அடைந்து செயலி சூடேறுவதாலும் வேகம் குன்றும். ஆலைப் பக்கமும் வயற்புறமும் உள்ள அலுவலகங்களில் இதுவே முதற் காரணமாயிருப்பதும் உண்டு.

மேற்கூறியவை யாவும் இல்லை என்று தெளிந்த பின், அறியாத நிரல்கள் தாமே இயங்குதல், வைரஸ் எதிர்ப்பு நிரல் திறக்க மறுத்தல், பென்டிரைவிலுள்ள கோப்புறைகள் யாவும் குறுக்குவழிச் சின்னங்களாக மாறுதல் ஆகிய குறிகள் காணப்பட்டால் வைரஸ் என்று துணியலாம். அப்போது வைரஸ் எதிர்ப்பு நிரலால் தூய்மை செய்தால் போதாதா என்பது நியாயமான கேள்வியே. சிறு தொற்றாயின் போதும். ஆனால் 'சாலிட்டி', 'விரூட்' போன்ற வைரஸ்கள் கணிப்பொறியிலுள்ள நிரற்கோப்புகளையே திருத்தி எழுதுபவை. திருத்தத்தை நீக்கினாலும் மூலம் அப்படியே மீள்வதில்லை. அன்றியும், 1980-களில் ஃபிரெட் கோஹன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எல்லா வைரஸ்களையும் பிழையின்றி இனங்காணும் பொதுமுறை ஒன்று இருக்கவே முடியாது என்று கணித முறையில் நிறுவினார். 'வைரஸ் ஏதும் இல்லை' என்று எதிர்ப்பு நிரல் கூறினால், 'எனக்குத் தெரிந்த வைரஸ் ஏதும் இல்லை' என்றே அதற்குப் பொருள் கொள்ளல் வேண்டும். மாசுற்ற முறைமையை அடியோடு நீக்கி, தூய மூலத்திலிருந்து புதிதாக நிறுவுதலே ஐயமற்ற வழி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோப்புகளின் பெயர்கள் மாறி, அவற்றை மீட்கப் பணம் கேட்கும் அறிவிப்புத் திரையில் தோன்றினால், அது பிணைப்பணம் கேட்கும் வைரஸ் ஆகும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' இவ்வினத்தது. அது புகுந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தும், நிறுவாதோர் பலர். இந்நிலையில் உடனே வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு மேலலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தட்டை அழித்தல் கூடாது. செர்ட்-இன் என்னும் மத்திய நிறுவனம் 2022 ஏப்ரலில் விடுத்த ஆணைப்படி, அரசாங்க அலுவலகங்கள் இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அந்நிறுவனத்திற்கு அறிவிக்கக் கடமைப்பட்டவை. பூட்டப்பட்ட கோப்புகளையும் அப்படியே பிரதியெடுத்து வைத்தல் நன்று. சிலவகை வைரஸ்களுக்குத் திறவுகோல் பின்னாளில் கிடைத்ததுண்டு.

இனி, பிரதியெடுத்தல். மாசுற்ற விண்டோஸ் இயங்கும்போதே பென்டிரைவைச் செருகினால் அதுவும் மாசுறும். ஆகவே தூய கணிப்பொறி ஒன்றில், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கவல்ல லினக்ஸ் முறைமையைத் தயாரித்து, அதனைக் கொண்டு நோயுற்ற கணிப்பொறியைத் தொடங்க வேண்டும். அப்போது வன்தட்டிலுள்ள வைரஸ் உறக்கத்திலேயே இருக்கும். கோப்புகளை மட்டும் வெளித்தட்டிற்கு மாற்றிக்கொள்ளலாம். மற்றொரு நன்மையும் உண்டு. குறுக்குவழி வைரஸ் தாக்கிய பென்டிரைவில் கோப்புகள் அழிந்துவிட்டதாக எண்ணிப் பலர் அவசரப்பட்டு அதனை ஃபார்மட் செய்துவிடுகின்றனர். உண்மையில் அவ்வைரஸ் கோப்புறைகளுக்கு 'மறைவு' என்னும் அடையாளத்தை இட்டு, அவற்றின் பெயரில் போலிச் சின்னங்களை வைப்பதோடு நின்றுவிடுகிறது. லினக்ஸ் அவ்வடையாளத்தைப் பொருட்படுத்தாததால், இழந்ததாகக் கருதிய கோப்புறைகள் யாவும் கண்முன் தோன்றும்.

எடுக்க வேண்டியவை டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகள். இம்மூன்றும் வழக்கமாக 'சி' பகுதியில் இருப்பதால் முதலில் அழிபவையும் இவையே. அவுட்லுக் பயன்படுத்துவோர் அதன் அஞ்சற்கோப்பையும், கணக்கு நிரல் பயன்படுத்துவோர் அதன் தரவுக் கோப்புறையையும் மறத்தல் கூடாது. 'இ.எக்ஸ்.இ.' என முடியும் நிரற்கோப்புகளையும் போலிச் சின்னங்களையும் எடுத்தல் கூடாது. அவை நோயையும் உடன் கொண்டுவரும். தட்டு பிட்லாக்கர் முறையால் பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் இன்றி லினக்ஸால் அதனைப் படிக்க இயலாது. அதை முன்னரே எழுதி வைத்துக்கொள்க.

எழுத்துருக்களைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. யூனிகோட் முறை பரவுவதற்கு முன் தமிழில் பாமினி முதலிய எழுத்துருக்களிலும், இந்தியில் குருதி தேவ் எழுத்துருவிலும் தயாரித்த ஆவணங்கள் இன்றும் அலுவலகங்களில் ஏராளமாக உள்ளன. இவற்றில் கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. எழுத்துரு அவற்றிற்குத் தமிழ் வடிவமோ தேவநாகரி வடிவமோ அளிக்கிறது. விண்டோஸை அழிக்கும்போது 'ஃபான்ட்ஸ்' கோப்புறையும் அழிகிறது. மறுநாள் ஆவணத்தைத் திறப்போர் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைக் கண்டு, வைரஸ் கோப்பையும் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்து அதனை நீக்கிவிடுவர். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் ஆவணம் முழுமையாகத் திரும்பும். ஆகவே அக்கோப்புறையையும் பிரதியெடுத்தல் கட்டாயமாகும். ஓய்வுள்ள காலத்தில் இவ்வாவணங்களை யூனிகோடிற்கு மாற்றிவிட்டால் இத்தொல்லை என்றென்றைக்கும் ஒழியும்.

பிரதிகளை வேறொரு கணிப்பொறியில் திறந்து, ஓரிரு கோப்புகள் ஒழுங்காயுள்ளனவா என்று பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லல் வேண்டும்.

நிறுவுதல் எளிது. தூய கணிப்பொறியிலிருந்து மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தின் வாயிலாக, 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் நிறுவற்கோப்புகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்பென்டிரைவிலிருந்த பழைய கோப்புகள் அழியும். கணிப்பொறியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என நிறுவனத்திற்கேற்ப மாறும் விசையை அழுத்தி, அதிலிருந்து தொடங்குமாறு செய்யலாம். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பின் வந்த முறைமையுடன் விற்கப்பட்ட கணிப்பொறிகளில் உரிம எண் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால் அதனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஹோம், புரோ ஆகிய பதிப்புகளுள் முன்பிருந்த அதே பதிப்பைத் தெரிந்தெடுத்தால் போதும். விண்டோஸ் உள்ளேயே இருக்கும் 'ரீசெட்' வசதி அவசரத்திற்கு உதவுமாயினும், மாசுற்ற முறைமையின் கோப்புகளையே அது மூலமாகக் கொள்ளக்கூடும் என்பதால், வைரஸ் விஷயத்தில் வெளியிலிருந்து நிறுவுதலே தக்கது.

'எங்கே நிறுவுவது' என்று கேட்கும் திரையில் பலர் இடறுகின்றனர். நம் நாட்டில் தட்டை 'சி', 'டி', 'இ' எனப் பிரித்து வைத்தல் பெருவழக்கு. பழுது பார்ப்போர் 'சி' பகுதியை மட்டும் அழித்து நிறுவிச் செல்கின்றனர். 'டி' பகுதியில் பதுங்கியிருந்த மாசுற்ற நிரலை எவரேனும் இருமுறை சொடுக்கியதும் நோய் திரும்புகிறது. பழி இயக்க முறைமையின் மேல் விழுகிறது. பிரதிகள் வெளியே பத்திரமாயிருப்பின், எல்லாப் பகுதிகளையும் நீக்கிவிட்டு வெற்றுத் தட்டில் நிறுவுதலே சரியானது. அது இயலாதபோது, நிறுவி முடிந்தபின் 'டி' பகுதியைத் திறக்குமுன் முழுதும் சோதிக்க வேண்டும்.

நிறுவியதும் முதல் வேலை, திருத்தங்களை இறக்கி ஏற்றுதல். கடிகாரம் பல ஆண்டு பின்தங்கிக் காட்டினால் பாதுகாப்பான தளங்கள் திறவா, தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்தது என்பதே அதன் பொருள். பின்னர், உடன் வரும் டிஃபெண்டர் நிரலால் வெளித்தட்டைச் சோதித்துக் கோப்புகளை மீட்கலாம். அன்றாட வேலைக்கு நிருவாகி உரிமையற்ற கணக்கு ஒன்றைத் தனியே தொடங்குதல் வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு கணிப்பொறியை மட்டும் தூய்மை செய்வது பயன் தராது. இருபது கணிப்பொறிகளும், ஆசிரியர்களின் பென்டிரைவ்களும் ஒரே நாளில் சோதிக்கப்பட வேண்டும். அதுவரை வலையமைப்பு இணைப்பு துண்டிக்கப்பட்டே இருக்கட்டும். இதற்கான இலவசக் கருவிகளை, 2017-இல் தொடங்கப்பெற்ற சைபர் ஸ்வச்சதா கேந்திரம் வழங்கி வருகிறது.

பழைய கணிப்பொறிகளுக்கு ஒரு சிக்கல் உள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 முறைமையோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், 4 ஜி.பி. நினைவகத்தையும், 64 ஜி.பி. தட்டிடத்தையும் வேண்டுகிறது, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளுட் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. இத்தகைய கணிப்பொறிகளை மூலையில் ஒதுக்க வேண்டுவதில்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. கேரளப் பள்ளிகள் பல்லாண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. விண்டோஸிற்கென எழுதப்பட்ட வைரஸ்கள் அங்கே இயங்குவதில்லை. எனினும் அவற்றைப் பென்டிரைவில் சுமந்து சென்று பக்கத்து அலுவலகத்திற்குக் கொடுக்க இயலும் என்பது நினைவிருக்கட்டும். பிரதியெடுத்து வைத்த பாமினியும் குருதி தேவும் லினக்ஸிலும் நிறுவத்தக்கவை. எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி 'இன்ஸ்டால்' என்பதை அழுத்திய பின், லிப்ரே ஆபீஸ் நிரலில் பழைய மதிப்பெண் பட்டியல்களைத் திறந்து படிக்கலாம்.