ஜாம் ஆன போல்ட்டும் சாயங்கால டெலிவரியும்

பழைய எஸ்டீமோ லான்சரோ, ஓனர் லோயரிங் ஸ்பிரிங் செட்டை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். "காலையில விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாமாண்ணே?" என்கிறார். புது வண்டியென்றால் தாராளமாகச் சரி என்று சொல்லலாம். இருபது வருட மழைத்தண்ணீரும் கடற்காற்றும் பட்ட வண்டிக்கு அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். ஷெட்டின் பெயர் கெடுவது வேலை தெரியாததால் அல்ல. பெரும்பாலும் கீழே குனிந்து பார்க்காமல் நேரம் சொன்னதால்தான்.

அதனால் முதலில் வண்டியை ஏற்றிப் பாருங்கள், விலை பிறகு. கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு நட்டையும் தேயுங்கள். நட்டின் மூலைகள் கூராக இருக்கின்றனவா, வெளியே நீட்டிய மரை தெரிகிறதா, துரு பொரிபொரியாக உதிர்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கணக்கு கையில் வந்துவிடும். பார்த்த கையோடு பெனட்ரேட்டிங் ஆயிலை அடித்து வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். மறுநாள் மாலை ஒருமுறை, வேலைக்கு முந்தின ராத்திரி ஒருமுறை வரச் சொல்லி மறுபடி அடியுங்கள். எண்ணெய்க்கு வேண்டியது நேரம். அடித்த ஐந்தாவது நிமிடம் பைப் போட்டு இழுக்கிறவன், எண்ணெயைத் தரைக்குத்தான் ஊற்றுகிறான்.

கழற்றும் அன்று ஆறுமுனை சாக்கெட்டை மட்டும் எடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை வழித்துவிடும். வழித்த பிறகு வேலை இரட்டிப்பு. வண்டி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. நீளமான பைப்பைத் தொங்கி இழுக்கும்போது ஜாக்கி சாய எத்தனை நேரமாகும்? சற்றே இறுக்கிப் பார்த்துவிட்டுத் தளர்த்துங்கள். துருவின் பிடி உடைய அந்தச் சின்ன அசைவு பல நேரம் போதும். ஏர் கன் இருந்தால் இன்னும் நல்லது. பைப்பின் ஒரே மூச்சு இழுவையைவிட, கன்னின் தட்டித்தட்டிச் சுழற்றும் அடிக்குப் போல்ட் முறிவது குறைவு.

இத்தனைக்கும் வரவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள். எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இதைத்தான் பல ஷெட்டுகளில் தம்பிகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

மூன்று இடம்தான். முதலாவது நட்டின் மரை. இதற்கு எண்ணெயும் சூடும் கேட்கும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத இடம்: லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷுக்கு நடுவே ஓடும் இரும்புக் குழாய். போல்ட் அதன் உள்ளே துருவேறி ஒட்டிக்கொள்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும் என்பதால் அங்கே எண்ணெய் நுழையக்கூட இடைவெளி இருக்காது. இதை எப்படி அறிவது? நட்டு சுலபமாகக் கழன்று கையில் வந்துவிடும். போல்ட் தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்றுப் போகும்; கையை விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பும். திரும்புவது போல்ட் மட்டுமல்ல, ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. அந்தத் துள்ளலைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். நட்டைப் போல்ட் முனையோடு சமமாக நிற்கும் வரை திரும்ப ஏற்றி, பெரிய சுத்தியலால் நேராக அடித்துப் பாருங்கள். நட்டு இல்லாமல் அடித்தால் மரை நசுங்கிக் காளானாகிவிடும். அடிக்கும் நகராவிட்டால் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் பிளேடு விட்டு அறுப்பதுதான் வழி. புது போல்ட், புது புஷ். ஒரு மணி நேரத்தில் முடிகிற அறுப்பைத் தவிர்க்க ஒரு நாள் முழுக்க மல்லாடுவதில் வீரம் ஒன்றுமில்லை.

மூன்றாவது இடம் மோசமானது: சேஸிஸ் பெட்டிக்குள் பற்றவைத்த நட்டு. வெல்டிங் விட்டுவிட்டால் நட்டு உள்ளேயே சுற்றும், பிடிக்க வழியிருக்காது. பெட்டியில் சின்ன ஜன்னல் வெட்டி, நட்டைப் பிடித்துக் கழற்றி, திரும்பப் பற்றவைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஓனரிடம் கேட்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள் தனி ரகம். பல வண்டிகளில் அவற்றின் தலைக்குக் கீழே பல்வெட்டு இருக்கும். தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். போல்ட்டைச் சுற்றினால் பற்களும் துளையும் சேர்ந்து போகும்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எல்லோரும் கேஸ் டார்ச்சில்தான் போய் நிற்கிறார்கள். நட்டுக்குச் சூடு காட்டுங்கள், போல்ட்டுக்கு அல்ல. நட்டு விரிந்தால்தான் பிடி விடும். 8.8, 10.9 என்று தலையில் எண் போட்டவை சூட்டில் பதம் ஏற்றிய போல்ட்டுகள். அந்தப் பதத்தின் கடைசிச் சூட்டுக்கு உலகத் தரம் வைத்த குறைந்தபட்ச அளவு 425 டிகிரி செல்சியஸ். நட்டு சிவந்துவிட்டது என்றால் அந்த அளவைத் தாண்டியாயிற்று. தீ பட்ட போல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது. ஷாக் அப்சார்பர் பக்கம் டார்ச்சைக் கொண்டுபோகவே வேண்டாம். உள்ளே எண்ணெய், பல வண்டிகளில் அழுத்திய வாயுவும். பின்பக்கம் பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். அந்தக் கிளீனரைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே டார்ச்சைப் பற்றவையுங்கள்.

பணப் பேச்சு. "போல்ட் வந்தா இவ்வளவு, அறுக்க வேண்டியிருந்தா இவ்வளவு" என்று இரண்டு தொகையை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போல்ட், நட்டு, புஷ் எல்லாம் வேலை தொடங்குமுன் ஷெட்டில் இருக்கட்டும். வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு, சென்னையில் ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் ஆள் அனுப்பினால், ஒரு நாள் ஒரு ஸ்டாண்ட் உங்களுக்கு இல்லை. புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் வாங்கலாம். பழைய போல்ட் வேண்டாம். 10.9 இருந்த இடத்தில் 8.8 போடவும் வேண்டாம்.

லோயரிங் சட்டப்படி சரியா என்று ஓனர் கேட்டால் சமாளிக்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கிரைண்டரால் ஸ்பிரிங்கை வெட்டிக் கேட்கிறவருக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காசு வேண்டாம்.

மாட்டும்போது, கேம்பர் அட்ஜஸ்ட் செய்யும் போல்ட் இருந்தால் கழற்றுமுன் போட்ட குறியோடு சேருங்கள். குழாய்க்குள் போகும் தண்டுப் பகுதியில் ஆன்டி சீஸ் லேசாகத் தடவுங்கள். மரையில் தடவினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நிற்க, புது உயரத்தில், வண்டியின் எடை இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச் போடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் அதற்கும் பிறகுதான். உயரம் இறங்கினால் கேம்பரும் டோவும் மாறியிருக்கும், டயர் ஒரு பக்கம் தின்னும். அறுத்தெடுத்த பழைய போல்ட்டுகளைக் கவரில் போட்டு பில்லோடு கொடுங்கள். இரண்டாவது தொகையைப் பற்றி அதன் பிறகு கேள்வி வருவது அபூர்வம்.