தொண்டும் கைம்மாறும்

தீ மக்களுக்கு உற்ற துணை. அதுவே கொடிய பகையும் ஆகும். அடுப்பில் அடங்கியிருக்கும் வரையில் அது நமக்கு உணவு சமைத்துத் தரும். கூரையில் தாவிவிட்டாலோ ஊரையே சாம்பலாக்கும். தீப்பற்றிய வீட்டிலிருந்து எல்லாரும் வெளியே ஓடுவர். அவ்வேளையில் அவ்வீட்டினுள்ளே துணிந்து நுழைவோரும் சிலர் உளர். அவரே தீயணைக்கும் வீரர். அவருள்ளும், ஊதியம் பெறாது, ஊர் நலம் ஒன்றையே கருதி அப்பணியை மேற்கொள்வோர் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய தொண்டர்கள் பல இலட்சம் பேர் இருக்கின்றனர். அவர்களுடைய தொண்டின் இயல்பையும், அதற்கு அந்நாட்டு மாநிலங்கள் சில கல்விச் சலுகையின் வாயிலாகக் காட்டும் நன்றியையும் இப்பாடத்தில் காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிலடெல்பியா நகரில் வாழ்ந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் அச்சுத் தொழிலில் வல்லவர், இதழாசிரியர், அறிவியல் ஆராய்ச்சியாளர், பொதுநலத் தொண்டர். தீ விபத்தினின்றும் நகரைக் காக்கும் வழிகளைப் பற்றி 1735ஆம் ஆண்டில் அவர் தம் இதழில் எழுதினார். எழுதியதோடு அமையாது, 1736ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் நண்பர்களை ஒன்றுசேர்த்து 'யூனியன் தீயணைப்புக் கழகம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அதில் ஏறத்தாழ 30 பேர் உறுப்பினராகச் சேர்ந்தனர். ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், உறுதியான பைகளையும், கூடைகளையும் எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். வாளிகள் நீர் கொண்டு செல்வதற்கு. பைகளும் கூடைகளும் எரியும் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்து வருவதற்கு. திங்கள்தோறும் அவர்கள் கூடித் தீத்தடுப்பு முறைகளைப் பற்றிப் பேசினர். கூட்டத்திற்கு வாராதவர் தண்டம் கட்டினர். அத்தண்டத் தொகையைக் கொண்டே தீயணைக்கும் பொறிகளும் ஏணிகளும் வாங்கப்பட்டன. கழகத்திற் சேர விரும்புவோர் பெருகவே, தனியே வேறொரு கழகம் அமைத்துக்கொள்ளுமாறு அவர்களுக்குக் கூறப்பட்டது. இங்ஙனம் நகரில் பல கழகங்கள் தோன்றின.

இத்தகைய தொண்டர்க்குச் சமுதாயம் செய்யும் கைம்மாறு யாது? இவ்வினா அக்காலத்திலேயே எழுந்தது. 1737ஆம் ஆண்டில் நியூயார்க் சட்டமன்றம் அந்நகருக்குத் தொண்டர் தீயணைப்புப் படை ஒன்றை அமைத்தது. அப்படையிற் சேர்ந்தோர் ஊர்க்காவற் படையிற் பணிபுரிதல், நீதிமன்றத்தில் நடுவர் குழுவில் அமர்தல் முதலிய கடமைகளினின்றும் விலக்கப்பட்டனர். ஊருக்காக ஒரு பெருஞ்சுமையைத் தாமே விரும்பித் தோளில் ஏற்றியவர்மீது வேறு சுமைகளை ஏற்றுதல் முறையன்று என்பதே அவ்விலக்கின் கருத்து. இது கூலியன்று, நன்றியின் அடையாளம்.

காலம் செல்லச் செல்ல நகரங்கள் பெருகின. சின்சினாட்டி நகரம் 1853ஆம் ஆண்டிலும், நியூயார்க் நகரம் 1865ஆம் ஆண்டிலும் ஊதியம் பெறும் தீயணைப்புப் படைகளை அமைத்தன. ஆயினும் சிற்றூர்களால் அவ்வாறு செய்ய இயலவில்லை. 2020ஆம் ஆண்டின் கணக்குப்படி, அந்நாட்டில் தீயணைப்போர் ஏறத்தாழ 10,41,200 பேர். அவருள் தொண்டர் மட்டும் 6,76,900 பேர். அஃதாவது நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஊதியமின்றிப் பணிபுரிந்தனர்.

இவர்களுடைய வாழ்க்கை எத்தகையது? ஒருவர் உழவர், மற்றொருவர் கடைக்காரர், வேறொருவர் பள்ளி ஆசிரியர். பகலெல்லாம் தத்தம் தொழிலைச் செய்வர். அழைப்பொலி கேட்டதும் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்திற்கு விரைவர். தலைக்கவசம், தடித்த மேலங்கி, புகையினூடே மூச்சுவிட உதவும் காற்றுக் கலம் ஆகியவற்றை அணிந்துகொள்வர். இவற்றின் எடை 20 கிலோகிராமுக்கு மேலும் இருக்கும். சாலை விபத்தில் சிக்கியோரை மீட்டலும், நோயுற்றோருக்கு முதலுதவி செய்தலும், வெள்ளத்தில் அகப்பட்டோரைக் கரைசேர்த்தலும் இவர்கள் பணியே. இதற்கெல்லாம் இரவிலும் விடுமுறை நாள்களிலும் நூறு மணிக்கு மேல் பயிற்சி பெறுதல் வேண்டும்.

இத்தகைய சிறந்த தொண்டிற்கு இன்று ஓர் இடர் நேர்ந்துள்ளது. 1984ஆம் ஆண்டில் 8,97,750 ஆக இருந்த தொண்டர் தொகை, 2020ஆம் ஆண்டில் மேற்கூறிய 6,76,900 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் உதவி வேண்டி வரும் அழைப்புகளோ அக்காலத்திற்குள் மும்மடங்காகப் பெருகிவிட்டன. சிற்றூர்த் தீயணைப்போருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் 50 வயதைக் கடந்தவர். இளைஞர் பலர் கல்லூரிப் படிப்பிற்காக ஊரை விட்டுச் செல்கின்றனர். சென்றவர் திரும்புவது அரிதாகிறது. ஊரில் இருப்போரும் பிழைப்பிற்காக நெடுந்தொலைவு சென்று வருகின்றனர். தீயணைக்கும் வண்டி நிலையத்தில் நிற்கும். அதை ஓட்டிச் செல்ல ஆள் இராது. அடுத்த ஊரிலிருந்து உதவி வந்து சேர்வதற்குச் சில நிமிடங்கள் மிகுதியாகும். அச்சில நிமிடங்களிலேயே ஓர் அறை முழுவதையும் தீ கவ்விக்கொள்ளும். ஆதலின், இளைஞரைத் தொண்டில் ஈடுபடுத்துவது உயிர்களைக் காக்கும் செயலே ஆகும்.

இளைஞருக்கும் ஒரு குறை உண்டு. அந்நாட்டில் கல்லூரிக் கட்டணம் மிக உயர்ந்தது. கடன் வாங்கிப் படித்துப் பல்லாண்டு அக்கடனை அடைப்போர் பலர். ஊருக்கு வேண்டுவது தொண்டர். இளைஞருக்கு வேண்டுவது கல்வி. இவ்விரண்டையும் இணைத்து மாநிலங்கள் சில சட்டங்கள் இயற்றின.

நியூ ஜெர்சி மாநிலத்தில், கவுண்டி எனப்படும் ஆட்சிப் பிரிவுகள் நடத்தும் கல்லூரிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் தொண்டர்கள் ஆண்டிற்கு 600 டாலர் வரையில் கட்டணச் சலுகை பெறலாம். மொத்தத்தில் அது 2,400 டாலரைக் கடத்தலாகாது. தொண்டரின் மனைவி அல்லது கணவரும், மக்களும் இச்சலுகைக்கு உரியர். ஆனால் தொண்டர் நான்காண்டுகளேனும் பணிபுரிய உடன்படுதல் வேண்டும். வகுப்பில் இடம் இருத்தலும் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில், தீயணைப்பு அறிவியற் பாடங்களைக் கற்கும் தீயணைப்போர், உரிய தகுதி பெற்ற தொண்டர் உட்பட, அப்பாடங்களுக்கான கட்டணத்தினின்றும் விலக்குப் பெறுகின்றனர். மேரிலாந்து மாநிலம் இத்துறையிற் கற்போர்க்கு உதவித்தொகை வழங்குகிறது. அதைப் பெற்றவர் படிக்கும் காலத்திலும், படித்து முடித்தபின் ஓராண்டும் அம்மாநிலத்தில் பணிபுரிதல் வேண்டும். அம்மாநிலத்திலேயே காலேஜ் பார்க் என்னும் ஊரில், பல்கலைக்கழக மாணவர் சிலர் தீயணைப்பு நிலையத்திலேயே தங்கிக் கல்வி பயில்கின்றனர். உறைவிடம் அவர்களுக்குக் கிடைக்கிறது; அழைப்பு வந்தால் உடனே புறப்பட ஆள்கள் ஊருக்குக் கிடைக்கின்றனர்.

'தொண்டிற்குக் கைம்மாறு பெற்றால் அது தொண்டாகுமா?' என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. ஆனால் ஆண்டிற்கு 600 டாலர் என்பது மாதத்திற்கு 50 டாலரே அன்றோ? ஐம்பது டாலருக்காக எரியும் வீட்டினுள் நுழைவார் யாவர்? எனவே இச்சலுகை துணிவின் விலையன்று. தொண்டு செய்ய விரும்பியும் வறுமையால் இயலாதவருடைய வழியிற் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஆகும். செல்வர் வீட்டு இளைஞருக்குத் தொண்டு செய்ய ஓய்வு உண்டு. கல்விக் கட்டணத்திற்காக இரவிலும் உழைக்கும் ஏழை மாணவருக்கு அவ்வோய்வு ஏது? இச்சலுகை அவருக்கு அந்நேரத்தை மீட்டுத் தருகிறது. இது மட்டுமே குறையை முற்றும் தீர்த்துவிடும் என்று கூற இயலாது. எனினும் 'உன் உழைப்பை யாம் மறவோம்' என்று ஊரார் சொல்லும் உறுதிமொழியாக இது விளங்குகிறது.

அவ்வுறுதிமொழி தொண்டரோடு முடிவதில்லை. பணியின்போது தீயணைப்பு வீரர் உயிர் துறந்தாலும் உறுப்பிழந்து செயலற்றாலும், அவருடைய மக்களுக்குக் கல்லூரிக் கட்டண விலக்கு அளிக்கும் சட்டம் டெக்சாஸில் உண்டு. தொண்டர்தம் மக்களும் அதற்கு உரியர். இளநிலைப் பட்டம் பெறுதற்கு வேண்டிய 120 பாட அலகுகள் வரையில் அவ்விலக்குக் கிடைக்கும். பிறருடைய பிள்ளைகளைக் காக்கச் சென்று மீளாதவரின் பிள்ளைகளை ஊரே கல்வி தந்து காப்பதைவிடச் சிறந்த கைம்மாறு வேறு யாதுளது?

மாணவர்களே! கைம்மாறு கருதாது செய்வது தொண்டரின் பெருமை. அத்தொண்டை மறவாது போற்றுவது சமுதாயத்தின் கடமை. இவ்விரண்டும் ஒன்றுகூடும் இடத்திலேதான் நற்பணிகள் நிலைத்து நிற்கும். கற்ற கல்வியால் ஊரைக் காப்பதும், ஊரைக் காப்பவர்க்குக் கல்வி அளிப்பதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். இதனை உளங்கொண்டு, நீங்களும் உங்களால் இயன்ற தொண்டினைப் பயின்று, ஊருக்கு உறுதுணையாக வாழ்வீர்களாக!

பயிற்சி

1. பிராங்கிளின் அமைத்த கழகத்தின் உறுப்பினர் கடமைகள் யாவை?
2. தொண்டர் தொகை குறைவதற்குரிய காரணங்களைக் கூறுக.
3. கல்விச் சலுகை பெறுவோர்க்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் யாவை?
4. 'இச்சலுகை துணிவின் விலையன்று' - இக்கூற்றை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.