கொக்கைன் பழக்கமும் மீட்சியும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்குச் சில படிப்பினைகள்

டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதைப் பழக்கச் சிகிச்சை மையம் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவதாகவும், கொக்கைன் எடுப்போர் ஏறத்தாழ 0.1 விழுக்காட்டினர் என்றும் கணக்கிட்டது. ஆகவே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக 1985இல் தொடங்கி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட சிதம்பரம் மருத்துவமனையிலும் போதைச் சிகிச்சைக்காகக் காத்திருப்போரில் பெரும்பாலோர் குடிநோயாளிகளாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் 2025 ஜூனில் சென்னையில் கொக்கைன் வழக்கொன்றில் திரைப்பட நடிகர்கள் கைதானபின், படிப்புக்கும் வேலைக்கும் பெருநகரங்களுக்குச் சென்ற பிள்ளைகளைப் பற்றிய அச்சம் சிற்றூர் வீடுகளையும் எட்டியிருக்கிறது. குடிநோயோடு பல பத்தாண்டுகள் போராடி இவ்வட்டாரக் குடும்பங்கள் சேர்த்துவைத்திருக்கும் அனுபவம் கொக்கைனுக்கு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பது நிதானமாக ஆராய வேண்டிய கேள்வி.

மூளையில் இன்பத்தையும் ஊக்கத்தையும் உணர்த்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருள், தன் வேலை முடிந்ததும் அதை வெளியிட்ட நரம்பணுவுக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்பட வேண்டும்; கொக்கைன் அந்த வழியை அடைத்துவிடுவதால் டோபமைன் வெளியிலேயே தேங்கிப் பரவசத்தை உண்டாக்குகிறது. மூக்கால் உறிஞ்சும்போது அப்பரவசம் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்களில் வடிந்துவிடுவதால், ஒரே இரவில் திரும்பத் திரும்ப எடுக்கும் வழக்கம் விரைவில் ஒட்டிக்கொள்கிறது.

நிறுத்தும்போது தோன்றும் தொல்லைகளை மருத்துவர்கள் விலகல் அறிகுறிகள் என்பர். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால், காலையில் தேநீர் டம்ளரை இரு கைகளாலும் பிடித்தும் வாய்க்குக் கொண்டுபோக முடியாத அளவுக்கு நடுக்கம் வரும். சிலருக்கு வலிப்பும், இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் தோன்றும். இதைக் கண்ணால் கண்ட குடும்பம் நோயின் கடுமையை நடுக்கத்தைக் கொண்டே அளந்து பழகியிருக்கிறது. கொக்கைனை நிறுத்தியவருக்கோ நடுக்கமும் இல்லை, வலிப்பும் வருவதில்லை. அவர் இரண்டு மூன்று நாள் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறார், எழுந்து வயிறார உண்கிறார், முகம் தெளிகிறது, வீட்டாரும் பிள்ளை தேறிவிட்டான் என்று நிம்மதி அடைகிறார்கள். மெய்யான சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: எதிலும் சுவையற்ற வெறுமை, எரிச்சல், மீண்டும் எடுக்க வேண்டும் என்ற அடங்காத வேட்கை, சிலருக்குத் தற்கொலை எண்ணம் ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும். அவ்வாரங்களில் அவரைத் தனியே விடாதிருப்பதும், சாகும் எண்ணம் வருகிறதா என்று வெளிப்படையாகக் கேட்பதும் வீட்டார் செய்யக்கூடிய முதற் சிகிச்சை. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

இரண்டாவது ஏமாற்றம் மாத்திரையைப் பற்றியது. குடியை விடுவதற்கு டைசல்பிராம், நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் உண்டு. ஹெராயினுக்கும், போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் டாபென்டடால் போன்ற ஓபியாய்டு வலிமாத்திரைகளுக்கும் புப்ரெனார்பின் உண்டு. கொக்கைன் வேட்கையை அடக்குவதற்கென ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை எதுவும் இல்லை. தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ மருத்துவர் தருபவை துணை மருந்துகள் மட்டுமே. எனவே ஒரே வேளையில் பழக்கத்தை வேரறுப்பதாகச் சொல்லும் விளம்பரங்களையும், நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளையும் அறவே ஒதுக்க வேண்டும். அத்தகைய பொடியில் டைசல்பிராம் கலந்திருந்து, அது உடலில் இருப்பதை அறியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடும் என்பதால், மறைத்துக் கொடுப்பதைப் பாசத்தின் பெயராலும் ஏற்க இயலாது.

மருந்து இல்லாத இந்நோய்க்கு இதுவரை சோதிக்கப்பட்ட முறைகளில் மிகுந்த பயன் தந்தது, நற்பழக்கத்துக்கு உடனுக்குடன் ஊக்கப்பரிசு வழங்கும் முறை ஆகும். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இதை வகுத்தனர். கொக்கைனின் எச்சம் சிறுநீரில் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு நாட்கள் தங்குவதால், வாரத்தில் சில முறை சிறுநீர் சோதிக்கப்படும். எச்சம் இல்லையெனில் அப்போதே ஒரு பற்றுச்சீட்டு, தொடர்ந்து இல்லையெனில் ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடிய மதிப்பு, எச்சம் தென்பட்டால் மதிப்பு மீண்டும் அடிமட்டத்திலிருந்து தொடங்கும். சீட்டைப் பணமாக மாற்ற முடியாது. திருந்திய வாழ்வுக்கு உதவும் பொருளாகவோ சேவையாகவோதான் பெற முடியும்.

இதன் உள்ளியல்பு தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருப்பவர்கள் கடலூர் முதுநகரிலும் உண்டு, சிதம்பரத்தின் தெருக்களிலும் உண்டு. விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, மாலைப் பூசை, பழகியவர் கூட்டம் என்று நாள் முழுவதற்கும் ஓர் ஒழுங்கு அமைகிறது. நேற்றுவரை ஏசியவர்களும் 'சாமி' என்று அழைக்கும் மதிப்பு அன்றாடம், உடனுக்குடன், தவறாமல் கிடைக்கிறது. மாலை போட்டவரது மனவுறுதியைத் தாங்கி நிற்பது இந்த ஏற்பாடே. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கலைந்துவிடுவதால், அன்றே பலர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றனர். மாலை கழற்றும் நாளுக்கு மறுநாள் காலை என்ன செய்வது என்பதை மாலை போடும் அன்றே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது, கொக்கைனுக்கும் அப்படியே பொருந்தும் பாடம். (நாள்தோறும் பெருங்குடி குடிப்பவர் மருத்துவரைக் காணாமல் மாலை போட்டுத் திடீரென நிறுத்துவது வலிப்பில் முடியலாம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

இதனால்தான் தொலைவிலுள்ள பெரிய மையத்தில் ஒரு மாதம் தங்குவதைவிட, ஊருக்கு அருகில் ஓராண்டு தொடர்ந்து போய்வரக்கூடிய புறநோயாளிச் சிகிச்சையே இவ்வட்டாரக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொருத்தமானது. உடல்நிலை மோசமானவரும், தற்கொலை எண்ணம் உள்ளவரும், குடியும் சேர்ந்தவரும் சில நாட்கள் உள்நோயாளியாக இருப்பது அவசியம். அத்தகைய கடின நிலைகளுக்குப் புதுச்சேரி ஜிப்மர் கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஆயினும் வேட்கையைத் தூண்டுபவை ஊரில்தான் இருக்கின்றன. கடலூர் இளைஞனுக்கு அது சனிக்கிழமை மாலையில் ஆல்பேட்டையைத் தாண்டிப் புதுச்சேரி செல்லும் பேருந்தாக இருக்கலாம். வேறொருவனுக்குச் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தியாகவோ, கைப்பேசியில் அழிக்காமல் விட்ட ஓர் எண்ணாகவோ இருக்கலாம். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படும் ஆலோசனை முறையின் வேலையே, இத்தூண்டல்களை ஒவ்வொன்றாக எழுதவைத்து, அந்நேரத்துக்கு வேறு இடமும் வேறு துணையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதாகும்.

மதுவைத் தனியே கவனிக்க வேண்டும். கொக்கைனும் மதுவும் சேரும்போது கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற சேர்மம் உருவாகி, கொக்கைனைவிட நெடுநேரம் உடலில் நின்று இதயத்தைத் தாக்குகிறது; மேலும் குடித்த நிலையில் மறுக்கும் வலிமை குறைவதால், கொக்கைனை விட்டவர் மதுவையும் விடுவதே பாதுகாப்பு. கொக்கைன் எடுத்தவருக்கு நெஞ்சுவலி வந்தால் வயது 25 என்று எண்ணித் தயங்காமல் 108ஐ அழைக்க வேண்டும். மாரடைப்புக்கு வழக்கமாகத் தரும் சில மருந்துகள் அவருக்கு ஒவ்வாமல் போகலாம் என்பதால், அவசரப் பிரிவு மருத்துவரிடம் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தனியார் மறுவாழ்வு இல்லத்தைத் தேர்ந்தெடுப்போர், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்குவதை அறிந்திருக்க வேண்டும். அச்சட்டப்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். எவரையும் சங்கிலியால் கட்டுவது குற்றம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடித் தீவிபத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்ட தமிழ்நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வருகையாளரை அனுமதிக்காத இல்லத்தில் பிள்ளையை விட்டுவரலாகாது.

சிகிச்சை நடுவில் ஒருமுறை மீண்டும் எடுத்துவிடுவது, இரத்த அழுத்தம் மறுபடி ஏறுவது போலவே, மருத்துவரை அந்த வாரத்துக்குள் பார்ப்பதற்கான காரணமாகும். வெட்கத்தால் மறைத்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவதே பெருங்கேடு. போலீசுக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குவோருக்கு, தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவை வீட்டிலிருந்தே தொடங்க வழி தருகின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைப்பொருள் எடுத்த குற்றத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ வழக்குக்கு உள்ளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. கொக்கைனுக்குச் சிறு அளவு என்பது 2 கிராம். சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் இப்பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம் என்பதால், முதல் ஓ.பி. சீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வருகைக்குமான தாளையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவைப்பது நலம்.