அக்கியும் என் மச்சானும்

2019-இல் என் மனைவி கொடுத்த கிட்னியோடு நடமாடுகிறவன் நான். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு மூன்றும் தினமும் உண்டு. வந்த உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை. எப்போதோ போட்ட சின்னம்மையின் கிருமி நரம்புக்குள் படுத்தே கிடக்கும்; காவல் தளர்ந்தால் அக்கியாக எழுந்து வரும்.

போன தை மாதம் இடது நெற்றியில் எரிச்சல், மறுநாள் கொத்துக் கொப்புளம். "அக்கி எழுதினா மூணே நாள்ல இறங்கிடும் மாப்பிள்ளே" என்று மச்சான் குயவர் வீட்டுக்கு இழுத்துப் போனார். காவி மண்ணைக் குழைத்து, நெற்றியிலிருந்து மூக்கு வரை சிங்கம் எழுதினார் பெரியவர். குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று அவராவது கேட்டார். "பிரஷருக்கு" என்று மச்சான் முந்திக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் கண்ணைக் கெடுத்தது அந்த மௌனம்தான்.

நாலாம் நாள் இமை வீங்கி மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈரப்பஞ்சால் காவியைத் துடைக்க, சிங்கத்தின் வால் போன இடத்தில், மூக்கு நுனியில், இரண்டு கொப்புளங்கள். டாக்டரம்மா முகம் மாறியது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளையாம். முதுகிலும் மார்பிலும் சிதறிக் கிடந்தவற்றை எண்ணினார்; இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

பிறகு தனி அறை, எட்டு மணி நேரத்துக்கொரு முறை ரத்தக் குழாய் வழியே அசைக்ளோவிர், அது கிட்னியில் படியாமலிருக்க சலைன், தினமும் கிரியேட்டினின் சோதனை. மைக்கோபினோலேட்டைக் குறைத்தார்கள். நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், கிட்னி போய்விடும்.

கொப்புளம் தெரிந்த அன்றே, ஞாயிற்றுக்கிழமையானாலும், கிட்னி டாக்டருக்குப் போன் போடுங்கள். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவதுதான் நல்லது. அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு டோஸ். உயிருள்ள கிருமி அதில் இல்லாததால் நம்மைப் போன்றவர்களும் போடலாம்; எப்போது என்று டாக்டர் சொல்வார். விலையைக் கேட்டுத் தள்ளிப்போட்டவன் நான். ஆஸ்பத்திரி பில் அதைப் போல் எத்தனை மடங்கு என்று மனைவி இன்னும் கணக்குச் சொல்கிறாள்.

கொப்புளம் ஆறி ஆறு மாதம் ஆகிறது. இடது கண்ணில் புகைமூட்டம். ஃபேன் காற்று நெற்றியில் பட்டால் கரண்ட் கம்பியைத் தொட்டது போலிருக்கும். ராத்திரி பிரிகாபலின் போட்டால்தான் தூக்கம்.

ஆடிக்கு வந்த மச்சான் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏழு நாள் விடாம எழுதியிருக்கணும் மாப்பிள்ளே, நாலாவது நாளே கழுவிட்டாங்க" என்றார். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். அவருக்கு வியர்க்கட்டும்.