“ஆபத்தானவர்” என்று யார் சொல்வது?

செங்கலடிச் சந்தியில் நாங்கள் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒருநாள், தனக்குத்தானே பேசியபடி ஒருவர் எங்களைக் கடந்து போனார். “தள்ளி நில்லுங்க புள்ளையள், அடிச்சிருவான்” என்றார் பக்கத்தில் நின்ற மாமி ஒருவர். அவர் யாரையும் அடிக்கவில்லை. தன்பாட்டில் பதுளை வீதிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

மாமி ஒரு நொடியில் சொல்லிவிட்ட தீர்ப்பைச் சொல்ல உளமருத்துவர்கள் எவ்வளவு தயங்குகிறார்கள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எமது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவின்படி, தான் செய்வது என்னவென்றோ அது பிழையென்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்தசுவாதீனம் இழந்திருந்தவரின் செயல் குற்றமாகாது. நமது மார்க்கத்திலும் ஒருவர்மீது கடமை விதியாவதற்குப் புத்தித் தெளிவு நிபந்தனையாகும். ஆனால் இக்காரணத்தால் குற்றவாளி அல்லர் எனக் காணப்பட்டவர் அன்றே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. நீதிமன்ற உத்தரவின்படி பாதுகாப்பில் வைக்கப்படுகிறார். இத்தகையோருக்குச் சிகிச்சையளிக்கும் துறையே சட்ட உளமருத்துவம். அங்கொடையிலுள்ள தேசிய உளநல நிறுவனத்தில் இதற்கென ஒரு பிரிவு உண்டு. அங்கே எழும் மிகக் கடினமான கேள்வி, “இவரை இனி வெளியே அனுப்பலாமா?” என்பதுதான்.

முன்பெல்லாம் வைத்தியரின் அனுபவமே இதற்கு விடை சொன்னது. அது எவ்வளவு பிழைக்கலாம் என்பதை 1966இல் அமெரிக்காவில் நடந்த பக்ஸ்ட்ரம் வழக்கு காட்டியது. தண்டனைக் காலம் முடிந்த பின்னும் “ஆபத்தானவர்கள்” என நியூயோர்க்கில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 900க்கும் மேற்பட்டோர், அத்தீர்ப்பினால் சாதாரண உளநல வைத்தியசாலைகளுக்கு மாற்றப்பட்டனர். பயந்தபடி பெரும் வன்முறை எதுவும் நடக்கவில்லை.

அதன்பின் ஒழுங்கான மதிப்பீட்டு முறைகள் உருவாகின. கனடாவில் உருவாகி இன்று பல நாடுகளில் பயன்படும் எச்.சி.ஆர்-20 என்பதில் இருபது விடயங்கள் ஆராயப்படுகின்றன. பத்து கடந்த காலம் பற்றியவை: முன்னைய வன்முறை, போதைப்பொருள் பாவனை போன்றன. ஐந்து இன்றைய நிலை பற்றியவை: நோய் அறிகுறிகள், தன் நோயைத் தானே உணர்ந்திருத்தல் போன்றன. மற்ற ஐந்தும் நாளை பற்றியவை: எங்கே வாழ்வார், யார் துணை, சிகிச்சையைத் தொடர்வாரா என்பன.

இவ்வளவு பார்த்தும் பிழை வருமா? வரும். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைச் செய்வோம். 1000 நோயாளரில் 50 பேர் வன்முறையில் இறங்குவர் எனக் கொள்வோம். நமது முறை இரு பக்கமும் 80 வீதம் சரியானது. அப்படியானால் அந்த 50 பேரில் 40 பேரை அது கண்டுபிடிக்கும்; 10 பேரைத் தவறவிடும். மீதி 950 பேரில் 190 பேரை வீணாக “ஆபத்தானவர்” என்னும். ஆக, பெயர் சூட்டப்பட்ட 230 பேரில் 40 பேர் மட்டுமே உண்மையில் அப்படியானவர்கள். தவறவிட்ட பத்துப் பேரால் யாரோ காயப்படலாம். வீணாகப் பிடிபட்ட 190 பேரோ செய்யாத ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் அடைபடலாம். இரண்டுமே அநீதிதான்.

ஆகவே நல்ல மதிப்பீடு என்பது சாத்திரம் சொல்வதல்ல. “இவர் எப்படிப்பட்டவர்?” என்பதோடு அது நிற்பதில்லை. “எந்த நிலையில் ஆபத்துக் கூடும்? எதைச் செய்தால் குறையும்?” என்று கேட்கிறது. கடந்த காலத்தை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் கிளினிக் திகதி தவறாமல் பார்க்கலாம். மருந்து முடியுமுன் எடுத்துக் கொடுக்கலாம். போதைப்பொருளிலிருந்து விலக்கி வைக்கலாம். இருக்க ஒரு வீடும் செய்ய ஒரு தொழிலும் கொடுக்கலாம். இவற்றில் பலவற்றை வைத்தியசாலையால் தனியே செய்ய முடியாது. குடும்பமும் ஊரும் சேர வேண்டும்.

தோழியரே, உண்மையில் ஒருவர் மிரட்டினால் விலகி நின்று பெரியவர்களிடம் சொல்வதே புத்தி. ஆனால் தனக்குத்தானே பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் “பைத்தியம்” என்று விரட்டும்போது, அவரைக் காக்கக்கூடிய துணையை நாமே அறுத்துவிடுகிறோம். அன்று சந்தியில் மாமி சொன்னதும் நானும் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவர் சாப்பிட்டிருந்தாரா என்று எங்களில் எவரும் கேட்கவில்லை.