வற்றிய அணை தந்த பாடம்

மலேசியாவில் மனிதர் உருவாக்கிய ஏரிகள் பல உள்ளன. சரவாக்கின் பாக்குன் ஏரியும் திரெங்கானுவின் கென்யிர் ஏரியும் மின் உற்பத்திக்கான அணைகளால் தோன்றியவை. மலாக்காவின் நீர்த்தேக்கங்களோ மக்களுக்குக் குடிநீர் வழங்க அமைக்கப்பட்டவை.

மலாக்காவின் ஆறுகள் சிறியவை. மழை பொய்த்தால் விரைவில் நீர் குறைந்துவிடும். எனவே, மழைநீரைத் தேக்கிவைக்க டுரியான் துங்கல் அணை கட்டப்பட்டது. ஆனால், 1991ஆம் ஆண்டின் வறட்சியில் அந்த அணையே வற்றியது. குழாயைத் திறந்தால் நீர் வரவில்லை. நகரத்தாரும் தோட்டப்புற மக்களும் வாளிகளுடன் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தனர்.

பின்னர், ஜாசின் மாவட்டத்தில் ஜுஸ் அணை எழுந்தது. ஜொகூரில் பாயும் மூவார் ஆற்றிலிருந்தும் மலாக்காவிற்கு நீர் கொண்டுவரப்படுகிறது. ஆயினும், 2020ஆம் ஆண்டு ஜனவரியில் அணைகளின் நீர்மட்டம் மீண்டும் சரிந்தது. மாநிலத்தில் நீர்ப்பங்கீடு நடைமுறைக்கு வந்தது.

அணை நீரை உண்டாக்குவதில்லை. பெய்த மழையைக் காத்துவைக்கிறது. அணைகள் பெருகினாலும் மழை குறைந்தால் தட்டுப்பாடு வரும். ஆகவே, நீர்ப்பிடிப்புக் காடுகளைப் பேணுவதும், பல் துலக்கும்போது குழாயை மூடுவதும், கூரைநீரைத் தொட்டியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுவதும் அணையைக் காக்கும் செயல்களே.