மார்பக எம்.ஆர்.ஐ.: தனிக் கருவிதான் வேண்டுமா?

மார்பகத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்குமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்ததும், 'மார்பகத்திற்கென்றே தனிக் கருவி உள்ள இடத்தைத் தேடிச் செல்ல வேண்டுமா?' என்னும் ஐயம் பலருக்கு எழுகிறது. அதற்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

யாருக்கு இச்சோதனை?

பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உடையோர் போன்று, மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுந்த பெண்களுக்கு ஆண்டுதோறும் மேமோகிராமுடன் எம்.ஆர்.ஐ.யும் எடுக்குமாறு அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2007இல் பரிந்துரைத்தது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று. மேமோகிராமில் தெரியும் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் எம்.ஆர்.ஐ.யில் புலப்படுவதில்லை.

கருவிகள் எதில் போட்டியிடுகின்றன?

புற்றுக்கட்டியில் புதிய இரத்தக் குழாய்கள் மிகுதி. ஆகவே, நரம்பு வழியே செலுத்தப்படும் காடோலினியம் மருந்தை அது முதல் சில நிமிடங்களிலேயே உறிஞ்சி ஒளிர்கிறது. மார்பகக் கொழுப்பும் படத்தில் வெண்மையாகவே தெரியும் என்பதால் அதனை மறைத்தாக வேண்டும். அதற்குக் காந்தப்புலம் இரு மார்பகங்களிலும் சீராக இருத்தல் அவசியம். விரைவு, நுணுக்கம், சீரான கொழுப்பு நீக்கம் ஆகிய இம்மூன்றையும் ஒருங்கே தருவதே கருவி செய்வோரின் போட்டி.

அமெரிக்காவின் அரோரா நிறுவனம், மார்பகத்தை மட்டுமே படமெடுக்கும் 1.5 டெஸ்லா கருவியை உருவாக்கியது. சீமென்ஸ் நிறுவனமோ, 70 செ.மீ. அகன்ற வாயுடைய தனது 1.5 டெஸ்லா 'எஸ்ப்ரீ' கருவியை மார்பகப் பணிக்கு ஏற்ப அமைத்து 'எஸ்ப்ரீ பிங்க்' எனப் பெயரிட்டது. பெரும்பாலான மருத்துவமனைகளில் பொதுக் கருவியிலேயே மார்பகத்திற்கான தனிச் சுருளைப் பொருத்திப் படமெடுக்கின்றனர். தக்க சுருளும் பயிற்சி பெற்ற குழுவும் இருப்பின் பொதுக் கருவியிலும் நல்ல படம் கிடைக்கும். எனவே, கருவியின் பெயரைவிடக் கீழ்க்காணும் வினாக்களே முதன்மையானவை.

கேட்க வேண்டியவை

1. மார்பகத்திற்கான தனிச் சுருள் உள்ளதா? இரு மார்பகங்களும் ஒரே நேரத்தில் படமெடுக்கப்படுமா?

2. மார்பகப் படங்களைத் தொடர்ந்து பார்த்துப் பழகிய கதிரியல் மருத்துவர் அறிக்கை தருவாரா? பழைய மேமோகிராமுடன் ஒப்பிடுவாரா?

3. எம்.ஆர்.ஐ.யில் மட்டுமே தெரியும் புள்ளியிலிருந்து, எம்.ஆர்.ஐ. வழிகாட்டுதலுடன் திசு எடுக்கும் வசதி அங்கு உண்டா? இல்லையெனில், எங்கு அனுப்புவர்? இவ்வினாவைப் பலரும் கேட்க மறந்துவிடுகின்றனர். கண்டறிந்த புள்ளியைச் சோதிக்க வழியில்லாத இடத்தில் எடுத்த படம், நோயாளியைக் கலக்கத்தில் ஆழ்த்துவதோடு, படத்தை மறுமுறை எடுக்கவும் நேரிடச் செய்யும்.

செல்லும் முன்

மாதவிடாய் நிற்காதவர்கள், அவசரமில்லையெனில், மாதவிடாய் தொடங்கிய 7 முதல் 14 நாள்களுக்குள் சோதனையை வைத்துக்கொள்வது நன்று. புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவர்கள் இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த உலோகப் பொருள்கள், சிறுநீரகக் கோளாறு, கருவுற்றிருத்தல், முன்பு ஏற்பட்ட மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள். குப்புறப் படுத்து, ஏறத்தாழ அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். இடநெருக்கத்தில் அச்சம் உடையவர்கள் அதனையும் சொல்லுங்கள்.

உடன் வருவோர் ஒன்றை நினைவில் கொள்க. மார்பக எம்.ஆர்.ஐ. மிகக் கூர்மையான சோதனை. புற்று அல்லாத மாற்றங்களையும் அது காட்டும். மறுபடியும் வருமாறு அழைப்பு வந்தால், அதனைப் புற்றுநோய்த் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். அதே வேளையில், அவ்வழைப்பைத் தவறவும் விடாதீர்கள்.